போனது ஆல்டர்னேட்டர் அல்ல, ஃப்யூஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

டாஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தால், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டரை மாற்றிவிடுங்கள் என்று ஞாயிறு இணைப்பில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லியிருந்தீர்கள். அவசரப்பட்டுவிட்டீர்கள். சென்ற மாதம் ஒரு பட்டறையில் என்னிடமும் இதையேதான் சொன்னார்கள், மீட்டரைக் கையில்கூட எடுக்காமல்.

தவறு என்னுடையதுதான். பேட்டரி இறங்கிப்போன காரைப் பக்கத்து வீட்டுக்காரரின் காரோடு ஜம்பர் கேபிளில் இணைத்தபோது, மங்கிய வெளிச்சத்தில் சிவப்பையும் கறுப்பையும் முனை மாற்றி மாட்டினேன். படீரென்று பொறி பறந்தது. முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள் நான்! நேர்முனை, எதிர்முனை என்று நான் எழுதாத கரும்பலகை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர், சிரிக்கவில்லை. சரியாக மாட்டியதும் இன்ஜின் கிளம்பியது. சிவப்பு விளக்கு மட்டும் அணையவில்லை.

பட்டறையிலிருந்து திரும்பி மல்டிமீட்டரை எடுத்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும், 12.1 காட்டி, மேலும் இறங்கிக்கொண்டிருந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டு, ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த வயர் சேரும் போல்ட்டில் வைத்தேன். பேட்டரியின் வோல்ட் அப்படியே அங்கும் வர வேண்டும். பூஜ்யம். என் காரில் பேட்டரிக்கும் அந்த போல்ட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு ஃப்யூஸ்தான்.

பானெட்டுக்குள் இருக்கும் கறுப்புப் பெட்டியைத் திறந்தால், அதன் மூடியின் உட்புறப் படத்திலேயே இடமும் அளவும் இருந்தன: 120 ஆம்பியர். ஃப்யூஸின் கண்ணாடி போன்ற மூடிக்குள் தகடு நடுவில் உருகி அறுந்து, சுற்றிலும் பழுப்பாகப் புகை படிந்திருந்தது. சின்ன ஃப்யூஸ்களைப் போல இதைப் பிடுங்கி எடுக்க முடியாது, போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அந்த வயரில் சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் இருக்கும். எனவே முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி ஒதுக்கிவிட வேண்டும். அதை விட்டுவிட்டு ஸ்பேனரை உள்ளே விட்டால், அது காரின் உடம்புத் தகட்டில் பட்ட கணமே இன்னொரு பொறி பறக்கும்.

புது ஃப்யூஸைப் போடுமுன் ஏன் போனது என்று பார்க்க வேண்டும். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடுகள் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுபவை, பேட்டரியின் மின்சாரத்தை உள்ளே விடாமல் மறிப்பவை. முனை மாறினால் அவையே வழி திறந்துவிடும். பாய்கிற வெள்ளத்தில் ஃப்யூஸ் உருகுகிறது. டையோடு தப்பியதா என்று மீட்டரை டையோடு நிலையில் வைத்து ஆல்டர்னேட்டரின் அதே போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் இடையே பார்த்தேன். ஒரு திசையில் விட்டது, மறு திசையில் மறித்தது. பிழைத்தது! இரு திசையிலும் விட்டிருந்தால் பட்டறைக்காரர் சொன்னதே சரி, புது ஃப்யூஸும் பேட்டரியை இணைத்ததுமே போயிருக்கும்.

"140 போடுங்கள், இனிமேல் போகவே போகாது" என்றார் உதிரிபாகக் கடைக்காரர். ஃப்யூஸ் போகாது, வயர் எரியும். அந்த வயரைக் காப்பதற்குத்தானே ஃப்யூஸ்? 120தான் வேண்டும் என்று நின்று வாங்கினேன். மாட்டும்போது ஒரு போல்ட் கைநழுவி இன்ஜினுக்கு அடியில் விழுந்தது. ஃப்யூஸ் மாற்றப் பத்து நிமிடம், காந்தத்தைக் கயிற்றில் கட்டி அதை மீட்க முக்கால் மணி நேரம். இன்ஜினைக் கிளப்பினேன்: 14.2. விளக்கும் அணைந்தது.

எல்லாக் காரிலும் இது இத்தனை எளிதல்ல. சிலவற்றில் பல ஃப்யூஸ்கள் ஒரே கட்டையாக வரும். முழுக் கட்டையையும் மாற்ற வேண்டியிருக்கும். முனை எதுவும் மாற்றாமலே ஃப்யூஸ் போயிருந்தால், தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

அந்த வாசகர் இன்னும் ஆல்டர்னேட்டர் வாங்கியிருக்கமாட்டார் என்று நம்புகிறேன். இந்த ஞாயிறே இதை வெளியிட்டால் அவர் கண்ணில் படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை