மெல்லிய கூந்தலுக்கு எத்தனை கிராம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை மகளிர் இணைப்பில் ஹேர் எக்ஸ்டென்ஷன், அதாவது நம் முடியோடு வேறு முடியைச் சேர்த்து அடர்த்தியும் நீளமும் கூட்டுவது பற்றி முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். நிறம், நீளம், எந்த முகத்துக்கு எது பொருந்தும் என்பதெல்லாம் இருந்தது. தலை எத்தனை கிராம் தாங்கும் என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. அதே பக்கத்தில் ஒரு வாசகி, தை மாதம் தனக்கு வளைகாப்பு என்றும், முடி மிக மெல்லியது என்றும், நீண்ட நாள் நிற்கும்படி எதை ஒட்டிக்கொள்ளலாம் என்றும் கேட்டிருந்தார். கெராட்டின் பசையால் ஒட்டுவதே சிறந்தது என்று பதில் வந்திருந்தது. அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு அழகு நிலையத்துக்குக் கிளம்புவதற்குள் இந்தக் கடிதம் அச்சாக வேண்டும் என்பது என் ஆசை.

கும்பகோணத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் 23 ஆண்டுகளாக மணப்பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்கிறேன். சவுரி வைத்துப் பின்னுவதும் பூச்சடை தைப்பதும்தான் என் பிழைப்பு.

என் அக்கா மகளுக்குச் சிறு வயதிலிருந்தே எலிவால் சடை. பள்ளியில் அந்தப் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள் என்று அழுதுகொண்டு வருவாள். வேலைக்குப் போய் முதல் சேமிப்பில், வெளியூரில் ஓர் அழகு நிலையத்தில் 16,000 ரூபாய் கொடுத்துக் கெராட்டின் முடி ஒட்டிக்கொண்டாள். புகைப்படம் அனுப்பினாள், இடுப்பு வரை கூந்தல். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. ஆகவே அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஏழாவது வாரம் பொங்கலுக்கு வந்தாள். "சித்தி, தலையணையில் தலை வைத்தால் ஊசி குத்துவது போல இருக்கிறது" என்றாள். வாசல் வெளிச்சத்தில் முக்காலி போட்டு உட்கார வைத்து வகிடு பிரித்துப் பார்த்தேன். பச்சரிசி அளவு பசை உருண்டைகள். ஒட்டியபோது மண்டைக்குப் பக்கத்தில் இருந்தவை, முடி வளர வளரக் கீழே இறங்கி, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடந்தன. காதுக்கு மேலே ஓர் உருண்டையைத் தூக்கிப் பார்த்தால் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது ஐந்தாறு முடிதான். மற்றவை வேரோடு வந்து உருண்டையிலேயே ஒட்டியிருந்தன. அந்த இடத்தில் ஐம்பது பைசா அளவுக்குத் தோல் பளபளத்தது. ஓரத்தில் சிவந்த சிறு பருக்கள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தோல் மருத்துவர் அதற்கு டிராக்ஷன் அலோபீசியா என்று பெயர் சொன்னார். ஓயாமல் இழுபடுவதால் வரும் முடி இழப்பு. சீக்கிரம் வந்துவிட்டதால் திரும்ப வளரும், வருடக்கணக்கில் விட்டிருந்தால் வேர் இருந்த இடம் தழும்பாகி முடியே வராது என்றார். முடியைக் கையால் பிய்க்காமல், பசையைக் கரைக்கும் திரவம் போட்டு ஒவ்வொன்றாக எடுக்கச் செய்தோம். அந்த வட்டம் நிரம்பப் பத்து மாதம் ஆயிற்று.

அதற்குப் பிறகுதான் சமையலறைத் தராசை அலங்காரப் பெட்டியில் எடுத்துக்கொண்டு போகத் தொடங்கினேன். கையில் சிக்கியதையெல்லாம் நிறுத்தேன். கிளிப் வைத்த முழு செட் ஒன்று 180 கிராம். பழைய நைலான் சவுரி 140. என் அம்மாவின் சவுரி 55. பூச்சடை பூவைப் பொறுத்து மாறும். ஒன்று 400 கிராமைத் தாண்டியது. அடர்ந்த முடி உள்ள பெண் இத்தனையையும் ஒரு நாள் சுமப்பாள். மெல்லிய முடிக்காரிக்கு அதே பாரம் வலுக் குறைந்த முடியின் மேல் விழுகிறது.

மெல்லிய முடி வேறு, குறைந்த முடி வேறு என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் ஒற்றை முடியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். இருப்பதே விரலுக்குத் தெரியவில்லை என்றால் அது மெல்லிய முடி. தலை நிறைய இருந்தாலும் மெல்லிய முடிதான். சிலருக்கு ஒவ்வொரு முடியும் கம்பி போல இருக்கும், எண்ணிக்கை குறைவு. முதல் வகைக்கு நுனியில் கொஞ்சம் அடர்த்தி சேர்த்தால் போதும், 60 முதல் 80 கிராம். இரண்டு குறையும் சேர்ந்து இருப்பவர்கள் இரவும் பகலும் தலையிலேயே இருக்கும் எதையும் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. டேப்பால் ஒட்டுவது, சிறு வளையத்தால் இறுக்குவது, கெராட்டின் பசையால் ஒட்டுவது மூன்றுமே அந்த வகைதான். டேப் மூன்றிலும் தட்டையானது, பாரம் கொஞ்சம் பரவும் என்பது உண்மை. ஆனால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை கழற்றி மேலே ஏற்றி ஒட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் காசு. எண்ணெய் பட்டால் பசை நெகிழ்ந்துவிடும். வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நம் வீடுகளில் இது எப்படி நிற்கும்?

கழற்றி வைக்கக்கூடியதே நமக்கு ஏற்றது. அதிலும் மலிவானது சவுரி. இதைச் சொன்னால் இளம்பெண்கள் முகம் சுளிக்கிறார்கள், பாட்டி காலத்துப் பொருள் என்று. அவர்கள் பார்த்திருப்பது மினுமினுக்கும் நைலான் சவுரியை மட்டும்.

என் அம்மா தலைவாரியதும் சீப்பில் வரும் முடியைச் சுருட்டி, கொல்லைச் சுவரில் ஒரு பொந்தில் செருகி வைப்பார். வருடக்கணக்கில் சேரும். தெருவில் சவுரி கட்டும் அம்மாள் வரும்போது அதைக் கொடுப்பார். அந்த அம்மாள் திண்ணையில் உட்கார்ந்து சிக்கெடுத்து, நீளம் பிரித்து, கால் பெருவிரலில் நூலை மாட்டிக்கொண்டு மூன்று கால் சவுரியாக, அதாவது மூன்று பிரியாகக் கட்டிக் கொடுப்பார். கூலி மட்டும்தான். அம்மாவின் முடியே ஆனதால் நிறம் பொருந்துகிறதா என்ற கேள்வியே எழவில்லை. அதுதான் நான் மேலே சொன்ன 55 கிராம் சவுரி. இன்றைக்கு அதே உதிர்ந்த முடியைப் பையில் சேர்த்து வைத்து, வண்டியில் வருபவரிடம் எவர்சில்வர் கிண்ணத்துக்குக் கொடுத்துவிடுகிறோம். சவுரி கட்டத் தெரிந்தவர் உங்கள் பக்கம் இருந்தால் கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள். மெல்லிய முடிக்கு அதே மெல்லிய முடி சேர்வதைப் போலப் பொருத்தம் வேறு எதிலும் கிடைக்காது.

உதிர்ந்த முடியில் ஒரு குறை உண்டு. வேரும் நுனியும் கலந்து கிடக்கும். முடியின் மேல் மீன் செதில் போல நுண்ணிய அடுக்கு இருக்கிறது; திசை மாறிக் கிடந்தால் ஒன்றை ஒன்று கவ்விச் சிக்காகும். பின்னிவிட்டால் இது பெரிதாகத் தெரியாது. விரித்துவிட்டால் மதியத்துக்குள் பந்தாகிவிடும். எனவே என்னிடம் வரும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது, பின்னப்போகிறாயா, விரித்துவிடப்போகிறாயா என்பதுதான். பின்னுவதற்குச் சாதாரணச் சவுரி போதும். விரித்துவிட வேண்டுமென்றால் ரெமி என்று விற்கிறார்களே, வேர் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி சேர்த்த முடி, அது வேண்டும். திருப்பதியிலும் பழனியிலும் காணிக்கையாக இறக்கும் முடி ஏலத்துக்குப் போவது அனைவரும் அறிந்ததே. சீப்பில் உதிர்ந்து சேர்ந்த முடியைவிட, இப்படி ஒரே தலையிலிருந்து ஒன்றாக இறக்கிய முடியைத் திசை மாறாமல் சேர்த்துக் கட்டுவது எளிது. அதனால்தான் அதற்கு அந்த விலை.

கடையில் ரெமி என்று சொல்வதையெல்லாம் நம்ப வேண்டாம். வேரிலிருந்து நுனிக்கு விரலை ஓட்டினால் வழவழப்பாகவும், நுனியிலிருந்து வேருக்கு ஓட்டினால் சற்றே சொரசொரப்பாகவும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கண்ணாடி போல வழுக்கினால் செதிலை அமிலத்தில் கரைத்துவிட்டுச் சிலிகோன் பூசியிருக்கக் கூடும். சில முறை அலசியதும் பூச்சு போய்த் தும்பாகிவிடும். ஓர் இழையைப் பிடுங்கி நெருப்பில் காட்டுங்கள். மனித முடி கருகிய நாற்றத்தோடு பொடியாகும். செயற்கை இழை உருகி மணி மணியாகத் திரளும். செயற்கை இழை கெட்டது என்று நான் சொல்லவில்லை; ஒரு நாள் பின்னலுக்கு 150 ரூபாய் நைலான் சவுரியில் பாதிக் கால்களைப் பிரித்தெடுத்துவிட்டு வைத்தால் போதும். அதன் மேல் அயர்ன் மட்டும் வைக்காதீர்கள்.

நிறத்தை உச்சியோடு ஒப்பிடாமல் உங்கள் சடை நுனியோடு, வெயிலில் பிடித்து ஒப்பிடுங்கள். நம் முடி கருப்பு என்று நினைக்கிறோம். பலருக்கு நுனி வெயிலில் செம்பட்டையாகத்தான் தெரியும். மை போன்ற சவுரி அங்கே வந்து முடியும்போது ஒட்டு அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

விரித்துவிட விரும்புகிறவர்களுக்குக் கிளிப் வைத்த பட்டைகள் உண்டு. முழு செட் வாங்காதீர்கள். இரண்டு அல்லது மூன்று பட்டை, உள்பக்கம் ரப்பர் வைத்த சின்னக் கிளிப்புகளாகப் பார்த்து வாங்குங்கள். மெல்லிய முடியில் கிளிப் வழுக்கும். வழுக்குகிறதே என்று சீப்பால் எதிர்த்திசையில் வாரிச் சிக்காக்குவார்கள். முடி முறிவது அங்கேதான். நான் கிளிப் வரும் இடத்தில் சுண்டுவிரல் பருமனுக்குக்கூட வராத ஒரு குட்டிப் பின்னல் போட்டு, அதை அப்படியே சுருட்டி, அதன் மேல் கிளிப்பை மாட்டுகிறேன். நெற்றியோரத்திலும் காதோரத்திலும் இரண்டு விரல் அகலம் விட்டுவிட வேண்டும். அந்த முடிதான் மிகவும் மெலிந்தது, முதலில் போவதும் அதுதான். ஹேலோ என்று ஒன்று வந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நைலான் இழை தலையைச் சுற்றி வளையமாக உட்கார, முடி பின்னால் தொங்கும். கிளிப்பே கிடையாது. பாரம் முடியில் தொங்காமல் மண்டையின் மேல் அமர்கிறது. மிக மெல்லிய முடிக்கு நான் இப்போது முதலில் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

எதை வைத்தாலும் பத்து நிமிடம் கழித்துப் புருவத்தை உயர்த்திப் பாருங்கள். உச்சியில் எங்காவது சுருக்கென்றால் கழற்றி மாற்றி வையுங்கள். அலங்காரம் என்றால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும் என்று மணப்பெண்களிடம் சொல்லும் பெரியவர்களை நான் மிகவும் பணிவாக, ஆனால் ஒவ்வொரு முறையும், மறுத்துவிடுகிறேன்.

கடைக்காரர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். உறையின் மேல் அங்குலம் போடுகிறீர்கள், நடிகை போன்ற ஒரு முகம் போடுகிறீர்கள். எத்தனை கிராம், மனித முடியா செயற்கையா கலப்பா, இந்த இரண்டையும் அச்சிடுங்கள். பிஸ்கெட் பொட்டலத்தில் இருக்கும் விவரம், பெண்கள் தலையில் சுமக்கும் பொருளில் இல்லாமலிருப்பது நியாயமில்லை.

இனி அந்த வாசகிக்கு. அம்மா, கர்ப்பக் காலத்தில் முடி வழக்கத்தைவிடக் குறைவாகவே உதிரும். குழந்தை பிறந்து ஏறக்குறைய மூன்றாம் மாதம் அத்தனையும் சேர்ந்து கொட்டும். பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். டெங்கு, டைஃபாய்டு போன்ற காய்ச்சல்களுக்குப் பிறகு கொட்டுவதும் இதே போலத்தான். இப்போது நீங்கள் ஒட்டிக்கொண்டால், வேர் நெகிழும் அந்த நேரத்தில் பசையும் பாரமும் தலையில் இருக்கும். கையில் குழந்தை, தூக்கம் கிடையாது, அதைக் கழற்ற எங்கே போவீர்கள்? அந்த ஒரு வருடத்தையும் தாண்டிக் கொட்டினால் இரும்புச் சத்தும் தைராய்டும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

வளைகாப்புக்கு 60 கிராமுக்கு மேல் போகாத ஒரு சவுரி போதும். உங்கள் முடியைப் பிடரியில் தளர்வாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஒரு சுற்றுப் பின்னி, அந்தப் பின்னலுக்குள் சவுரியின் காதை, அதாவது மேல்முனை வளையத்தை நுழைத்துக் கொண்டை ஊசியைக் குறுக்கே செருகச் சொல்லுங்கள். பாரம் நாலு முடியில் விழாமல் மொத்த முடியிலும் விழும். முழுப் பூச்சடை வேண்டாம். மல்லிகை இரண்டு வரிசை, நடுவில் கொஞ்சம் கனகாம்பரம். வந்தவர்கள் சாப்பிடப் போனதும் சவுரியைக் கழற்றிவிட்டுப் படுங்கள். அன்று இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் இருக்கும், கையைத் தலைக்கு மேல் தூக்க வராது. கழற்றிவிட அக்காவோ நாத்தனாரோ ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மணப்பெண் அலங்காரம் செய்யும் ஒரு வாசகி,
கும்பகோணம்.