சைனஸ் 'வராது', இருக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் மருத்துவக் கேள்வி-பதிலுக்கு 'சைனஸ் வராமல் தடுப்பது எப்படி?' என்று தலைப்பு வைத்திருந்தீர்கள். சைனஸ் எங்கிருந்தும் வருவதில்லை, எல்லோர் முகத்திலும் இருக்கிறது. நெற்றியில், கன்னங்களில், கண்களுக்கு நடுவே, மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் என நான்கு ஜோடி காற்றறைகள். அவற்றில் அழற்சி கண்டால்தான் நோய். சித்த வைத்தியர்கள் பீனிசம் என்பார்கள். எங்கள் குன்னூரில் பாதிப் பேர் 'எனக்கு சைனஸ் இருக்கு' என்கிறோம். 'எனக்கு வயிறு இருக்கு' என்பது போலத்தான்.

ஜலதோஷத்தோடு மேட்டுப்பாளையம் இறங்கினால் பர்லியாறு தாண்டுவதற்குள் நெற்றியில் குத்துமே, அதுவும் இந்த அறைகளின் வேலை. சளி வாசலை அடைத்துவிட, உள்ளே மலைக்காற்றின் குறைந்த அழுத்தம் அப்படியே நிற்கிறது. இறங்க இறங்க வெளியழுத்தம் கூடுகிறது.

சொல் வழக்குதானே என்று விட்டிருப்பேன். போன மாதம் என் அம்மாவுக்கு மயக்கம் வந்து ஈசிஜி எடுத்தோம். தாளின் மேலே 'நார்மல் சைனஸ் ரிதம்' என்று அச்சாகியிருந்ததைப் பேத்தி சத்தமாகப் படித்துவிட்டாள். "மூக்குல இருந்தது நெஞ்சுக்கே இறங்கிடுச்சாடா?" என்றார் அம்மா. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. நொச்சி போட்டு இரண்டு தடவை ஆவி பிடித்தார். உண்மையில் அது நல்ல சேதி. துடிப்பு, இதயத்தின் வலது மேலறையிலுள்ள சைனோ ஏட்ரியல் கணுவில் முறைப்படி தொடங்குகிறது என்று பொருள். கருவில் சிரை ரத்தம் வந்து சேரும் குழிவுக்கு சைனஸ் என்று பெயர், கணுவுக்கும் அது ஒட்டிக்கொண்டது.

லத்தீனில் இந்தச் சொல்லுக்குத் துணியின் மடிப்பு, மார்பு, வளைகுடா என்றெல்லாம் அர்த்தம். நம் 'மடி' கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது. பழைய லத்தீன் வரைபடங்களில் வங்காள விரிகுடாவே 'சினுஸ் கங்கேதிகுஸ்'. மூளையுறையின் ரத்தக் கால்வாய்களுக்கும் சைனஸ்தான், சீழ் வடியும் துளைக்கும் சைனஸ்தான். இந்தக் கடைசிக்கு நம்மிடம் 'புரை' இருக்கிறது. புரையோடிய புண் என்று சொல்லாதவர் யார்?

சைன், காஸ் நடத்தியே தலை நரைத்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கணக்கில் வரும் சைனும் இதே சொல்தான். வடமொழியில் நாணுக்கு 'ஜீவா'. அரபியர் அதை 'ஜீபா' என்று ஒலிபெயர்த்து எழுதிக்கொண்டார்கள். குறில் உயிர்களைக் குறிக்காத எழுத்தாகையால் பின்னால் வந்தவர்கள் 'ஜைப்' என்று வாசித்தார்கள். அதற்குச் சட்டை மடிப்பு என்று பொருள். (நம் 'ஜேப்பு' அங்கிருந்து வந்ததுதான்.) 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் பெயர்த்தபோது அது 'சினுஸ்' ஆகிவிட்டது.

அடுத்த முறை 'சைனஸ் அழற்சி' என்று ஒரு சொல்லைக் கூட்டிப் போடுங்கள். அம்மா உங்கள் இதழை விளம்பரம்கூட விடாமல் படிக்கிறவர்.

— ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், குன்னூர்