மூளையின் கொலஸ்ட்ரால் உணவிலிருந்து வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் நினைவாற்றல் குறித்து வெளியான கட்டுரை, நெய்யிலும் முட்டையிலும் உள்ள கொலஸ்ட்ரால் மூளைக்குப் போய்ச் சேர்ந்து நினைவைப் பெருக்கும் என்று கூறியிருந்தது. அது சரியன்று. இரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ரால், இரத்தத்திலிருந்து மூளைக்குள் எது நுழையலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் இரத்த-மூளைத் தடையைத் தாண்டுவதில்லை. தனக்கு வேண்டியதை மூளை தானே தயாரித்துக்கொள்கிறது. மீனில் உள்ள டி.எச்.ஏ. என்னும் கொழுப்பமிலத்தின் கதை வேறு. அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் சென்று நரம்பணுக்களின் மேலுறையான சவ்வில் இடம்பிடிக்கிறது. கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாகக் கருதிவிட்டார்.

கொலஸ்ட்ராலுக்கும் கற்றலுக்கும் தொடர்பு இருப்பது உண்மை. முயலின் மூளையில் நினைவு உருவாகத் துணைபுரியும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் அடுத்தடுத்து மின்தூண்டல் கொடுத்தால், நரம்பணுக்களுக்கு இடையிலான சினாப்ஸ் இணைப்புகள் வலுப்பெற்று மணிக்கணக்கில் அவ்வாறே நீடிப்பதை 1973இல் டிமோத்தி பிளிஸ், தெர்யே லோமோ இருவரும் விரிவாக வெளியிட்டனர். கற்றலின் அடிப்படையாகக் கருதப்படும் இந்த வலுப்பெறுதலுக்குத் துணைநிற்கும் பி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியை 1982இல் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அது நரம்பணுவின் மேற்பரப்பிலுள்ள ட்ரக்-பி (TrkB) ஏற்பியில், அதாவது அதன் செய்தியை வாங்கும் புரதத்தில், வந்து பொருந்தியதும், அந்த ஏற்பி சவ்வில் கொலஸ்ட்ரால் செறிந்த திட்டுகளுக்கு நகர்கிறது. ஆய்வகத்தில் நரம்பணுக்களின் கொலஸ்ட்ராலை அகற்றிப் பார்த்தபோது, வளர்ச்சிக் காரணி வந்து சேர்ந்தும் சினாப்ஸில் அதன் விளைவு தென்படவில்லை. 2021இல் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் இன்னும் ஒருபடி மேலே சென்று, கொலஸ்ட்ரால் அளவாக இருந்தால் ட்ரக்-பியின் செயல் கூடுவதையும், மிகுந்தால் குறைவதையும், சில மனச்சோர்வு மருந்துகள் அதே ஏற்பியின் சவ்வுப் பகுதியில் பிணைவதையும் காட்டினர். ஆகவே, கொலஸ்ட்ரால் கூடக்கூட நினைவும் கூடும் என்பதற்கு இங்கே எந்த ஆதாரமும் இல்லை.

இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. கட்டுரையைப் படித்த என் பக்கத்து வீட்டுப் பெரியவர், இதயநோய்க்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரையை, மூளைக்குக் கெடுதல் என்று அஞ்சி நிறுத்திவிடலாமா எனக் கேட்டார். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்றேன். அவரைப் போல் எத்தனை பேர் யாரிடமும் கேட்காமலேயே நிறுத்தியிருப்பார்களோ என்ற கவலை எனக்கு இருக்கிறது.

நினைவுக்கு வழி சொல்ல வேண்டுமானால் நடைப்பயிற்சியைச் சொல்லியிருக்கலாம். அமெரிக்காவில் முதியோர் 120 பேரைக் கொண்டு நடந்து 2011இல் வெளியான ஆய்வில், ஓராண்டு நடைப்பயிற்சி மேற்கொண்டவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 விழுக்காடு பெருத்திருந்தது. அதிகம் பெருத்தவர்களின் இரத்தத்தில் பி.டி.என்.எஃப். அளவும் கூடுதலாக உயர்ந்திருந்தது.

கட்டுரை வந்த அதே பக்கத்தில், மாத்திரை பற்றிய எச்சரிக்கையுடன் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர்,
திருச்சி