சந்தா கட்டினால் எந்த விளம்பரம் போகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

காணொளித் தளங்களுக்குப் பணம் கட்டியும் விளம்பரம் வருகிறது, ஆகவே சந்தா வீண் என்ற பேச்சு நம் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. எந்த விளம்பரத்தை நீக்கத்தான் அந்தப் பணம் என்று தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

யூடியூப் பிரீமியம் நீக்குவது யூடியூப் செருகும் விளம்பரங்களை மட்டுமே. காணொளி தயாரித்தவரே நடுவில் ஒரு செயலியையோ நகைக்கடையையோ புகழ்ந்து பேசுவது படத்தோடு பதிவானது. சந்தா அதைத் தொடாது.

உண்மையான வேறுபாடு தொலைக்காட்சியில்தான் தெரியும். கைத்தொலைபேசியில் பல விளம்பரங்களை 5 விநாடியில் தட்டித் தாண்டலாம். பெரிய திரையில் தாண்டவே முடியாத 30 விநாடி விளம்பரமும் வரும். 8 நிமிடமோ அதற்கு மேலோ ஓடும் காணொளி என்றால் நடுவிலும் செருகுவார்கள். வீட்டு ரவுட்டரில் டிஎன்எஸ் (தளப் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் சேவை) மாற்றி இதைத் தடுக்கப் பார்ப்பது பலிக்காது. விளம்பரமும் படமும் ஒரே முகவரியிலிருந்து வருவதால், ஒன்றை அடைத்தால் மற்றதும் நின்றுவிடும். காலையில் பக்திப் பாடல், மாலையில் பிள்ளைகளின் காணொளி என்று வரவேற்பறையில் தினமும் ஓடும் வீட்டுக்குச் சந்தா கட்டுவது தகும் என்பேன். வாரத்துக்கு இரண்டு முறை கைத்தொலைபேசியில் பார்ப்பவருக்கு அது தேவையே இல்லை.

குடும்பச் சந்தாவில் கட்டுபவரோடு இன்னும் 5 பேர் சேரலாம். ஆனால் எல்லாரும் ஒரே வீட்டு முகவரியில் இருக்க வேண்டும். 30 நாளுக்கு ஒருமுறை சரிபார்க்கிறார்கள். கோலாலம்பூர் வீட்டுக் கணக்கில் பினாங்கில் தங்கிப் படிக்கும் மகளைச் சேர்த்தால் இந்த விதி இடிக்கும். அவருக்கு மாணவர் சந்தாவே பொருந்தும்.

நெட்பிளிக்ஸின் மலிவான மொபைல் திட்டத்தில் ஏமாறுபவர்களும் உண்டு. அது கைத்தொலைபேசிக்கும் டேப்லெட்டுக்கும் மட்டுமே, அதுவும் 480பி என்ற குறைந்த படத் தரத்தில். தொலைக்காட்சியில் பார்க்க நினைப்பவர் அதை வாங்கவே கூடாது.

வெளிநாட்டு இலக்கவியல் சேவைகளுக்கான சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு. வரி சேர்க்காமல் 20 ரிங்கிட் என்று காட்டினால் அட்டையில் 21.60 கழியும். ஐபோன் செயலிக்குள் யூடியூப் பிரீமியம் வாங்கினால் விலை இன்னும் கூடும். அதே கணக்கில் உலாவி வழியாக நுழைந்து வாங்குங்கள்.

நிறுத்தும்போதுதான் பணம் அதிகம் வீணாகிறது. செயலியை அழித்தால் சந்தா நிற்காது, மாதாமாதம் கழிந்துகொண்டே இருக்கும். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரைத் திறந்து, சுயவிவரப் படத்தைத் தட்டி, கட்டணங்களும் சந்தாக்களும் என்ற பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். ஐபோனில் அமைப்புகளைத் திறந்து உங்கள் பெயரைத் தட்டினால் சந்தாக்கள் பட்டியல் வரும். உலாவியில் வாங்கியது இவ்விரு இடங்களிலும் தெரியாமல் போகலாம். அந்தத் தளத்தின் கணக்குப் பக்கத்தில்தான் நிறுத்த வேண்டும். ரத்து செய்தாலும் கட்டிய மாதம் முடியும்வரை பார்க்கலாம் என்பதால், ஒரு தளத்தில் ஒரு மாதம் பார்த்துவிட்டு அடுத்த மாதம் வேறு தளத்துக்கு மாறுவது மூன்று தளங்களுக்குச் சேர்த்துக் கட்டுவதைவிட மேல்.

பணம் வாங்கும் பக்கத்திலேயே எந்த விளம்பரம் நீங்கும், எது இருக்கும், வரியோடு மொத்தம் எவ்வளவு என்று மலாயிலும் தமிழிலும் எழுதும்படி மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இந்நிறுவனங்களைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்