தூர்வாரும் பொறியாளர்களுக்கு, கொருக்கையைப் பற்றி

காவிரிப் படுகையில் ஆறு, வாய்க்கால்களைக் கவனிக்கும் பொறியாளர்களுக்கு வணக்கம்.

நான் நாகஸ்வரத்துக்குச் சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு, கட்டுகிறவன். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்குள் தூர்வாரி முடிக்க வேண்டிய அவசரம் உங்களுக்கு. தெரியும், கடைமடையில் எனக்கும் கொஞ்சம் நிலம் இருக்கிறது. நெய்வேலிக் காட்டாமணக்கையும் ஆகாயத்தாமரையையும் தாராளமாக வாரிக் கொட்டுங்கள். நான் கேட்பது கொருக்கைக்காக மட்டும். ஆற்றங்கரையில் வளரும் இந்த நாணலின் தட்டையில், அதாவது தண்டில்தான் சீவாளி செய்கிறோம்.

போன கோடையில், வருஷா வருஷம் தட்டை அறுக்கும் கரைக்கு அரிவாளோடு போனேன். பொக்லைன் முந்திக்கொண்டது. வேர்க்கட்டையோடு புரட்டிப் போட்ட மண்தான் கிடந்தது. அரிவாளால் அறுத்தால் கொருக்கை மறுபடி துளிர்க்கும். வேரோடு போனால் அந்த இடத்தில் காட்டாமணக்குதான் வந்து உட்காரும்.

நாணல்தானே, எங்கும் கிடைக்குமே என்று தோன்றலாம். ஒரு கட்டு அறுத்தால் சீவாளிக்குத் தேறுவது சொற்பம். இளந்தட்டை விரலிடுக்கில் நசுங்கும், ரொம்ப முற்றியது பிளக்கும். தேறியதைத் துண்டு போட்டுக் காயவைத்து, நெல்லோடு சேர்த்து அவித்து, மறுபடி காயவைத்து, பொறுமையாகப் பழக விடவேண்டும். அப்புறம்தான் ஒரு முனையைத் தட்டையாக அமுக்கி, மறுமுனையை நூலால் இறுகக் கட்டி, கத்தியால் உதடு சீவுவது. கத்தி ஒரு இழை கூடுதலாக இறங்கினால் நாதம் சிதறும். ஒரு இழை குறைந்தால் வாசிப்பவர் மூச்சு முட்டிப்போவார். வாயில் வைத்து ஊதிப் பார்ப்பேன், ஒரு சீவு சீவுவேன், திரும்ப ஊதுவேன். ஒரு காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்தும் ஒன்றுகூட உருப்படாத நாள் உண்டு.

வித்வான்களின் வாத்தியத்தில் கொத்தாகத் தொங்குகிறதே, அலங்காரம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதில் பெரும்பாலும் மாற்றுச் சீவாளிதான். முகூர்த்த நேரத்தில் ஒன்று பிளந்தால் அடுத்ததை மாட்டியாக வேண்டும், கெட்டிமேளம் காத்திருக்காது.

2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். அதற்கான ஆச்சா மரத்தைப் பழைய வீடுகளின் உத்தரத்திலிருந்து எடுத்துக் கடைகிறார்கள். வாத்தியத்துக்கு அப்படி ஒரு வழி இருக்கிறது. ஆனால் சீவாளி தேய்கிற பொருள். பழைய வீட்டைப் பிரித்தால் கொருக்கை கிடைக்குமா?

நீரோட்டத்தை அடைக்கும் புதரை எடுத்துத்தான் ஆகவேண்டும், அதில் எனக்குத் தகராறு இல்லை. கரையின் மேல்சரிவில் தண்ணீருக்கு இடைஞ்சல் இல்லாமல் நிற்கும் புதர்களை மட்டும் விட்டுவையுங்கள். எடுத்தே தீரவேண்டும் என்றால், இயந்திரம் இறங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் ஊராட்சி அலுவலகப் பலகையில் தேதியை எழுதிப் போடுங்கள். நாங்களே வந்து அறுத்துக்கொள்கிறோம். வேர்க்கட்டையையும் தோண்டிக்கொண்டு போய் வேறு மேட்டில் ஊன்றிவிடுகிறோம். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு சீவாளிக்காரன்