காரோடு கடல் கடந்த ஃபெர்ரி

ஆசிரியருக்கு வணக்கம்.

பினாங்குக்குப் பள்ளி விடுமுறையில் போய்வந்த என் பேரன், "தாத்தா, ஃபெர்ரியில கார் ஏறவே இல்லையே" என்றான். அவனுக்கு எப்படித் தெரியும்? 2021 ஜனவரியோடு கார் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள், இப்போது ஆட்களும் சைக்கிள், மோட்டார் சைக்கிள்களும் மட்டும்தான்.

1894இல் தொடங்கிய சேவை அது, கார்கள் ஏறியது 1920களில். 1985இல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குக் கார் கொண்டுபோக வேறு வழி கிடையாது, அதனால் பெருநாள் சமயத்தில் சிங்கப்பூரிலிருந்து ராத்திரி முழுக்க ஓட்டிவந்து, வரிசையில் மணிக்கணக்கில் நின்று, முன் கார் பம்பரை ஒட்டி நிறுத்தி, இரும்புத் தட்டு தடதடக்க ஏறுவோம். கட்டணம் பட்டர்வொர்த்தில் மட்டும்தான், திரும்பும்போது கிடையாது. அப்புறம் கம்பியைப் பிடித்துக்கொண்டு உப்புக் காற்றில் பதினைந்து, இருபது நிமிடம்.

பாலத்தைக் குறை சொல்லவில்லை, அதுவும் வேண்டும். ஆனால் இந்த ஃபெர்ரியில் வேலை பார்த்த, பயணம் செய்த தமிழர்கள் இங்கேயும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களின் நினைவுகளையும் பழைய படங்களையும் கேட்டு வாங்கி உங்கள் ஞாயிறு இதழில் ஒரு பக்கம் போடுங்கள், தயவுசெய்து சீக்கிரம்.

வாசகர், ஈசூன்