பற்றரியோடு பதினாறு எண்களையும் எழுதித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

முல்லைத்தீவு மாவட்டத்தின் மல்லாவி, துணுக்காய், மாங்குளம், ஒட்டுசுட்டான் பகுதிகளில் சோலார் பனல் பூட்டிய வீட்டுக்காரரும் தோட்டக்காரரும் பழைய அசிட் பற்றரிகளைக் கழற்றிவிட்டு, லித்தியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரிக்கு ஒவ்வொருவராக மாறி வருகிறார்கள். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டில் இருந்ததையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று முட்டியதாகச் சொல்லப்பட்டு நாடு முழுவதும் மின்சாரம் நின்றதையும் மறக்காதவர்கள், நெல் விற்ற காசில் இந்தப் பற்றரிகளை வாங்குவதில் வியப்பில்லை. டோர்ச் பற்றரிகூட எங்கள் பக்கத்துக்குத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த போர்க்கால 1990களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட சனங்கள் நாங்கள். பற்றரியின் அருமை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பற்றரியைக் காவல் காக்கும் கட்டுப்படுத்தியை, அதாவது கடைக்காரரும் நாங்களும் பி.எம்.எஸ். என்று அழைக்கும் பற்றரி முகாமைத்துவக் கருவியை, எப்படிப் பூட்டுவது என்பதைத்தான் எவரும் தமிழில் எழுதித் தருவதில்லை. மின்னிணைப்பு வேலை செய்பவன் என்ற முறையில், என் கையால் நடந்த பிழையையும் மறைக்காமல், இதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

வீட்டு இன்வேர்ட்டருக்குப் பூட்டும் பற்றரியில் பெரும்பாலும் 16 செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு செல்லின் சாதாரண வோல்ற்றளவு 3.2 என்பதால் மொத்தம் 51.2 வோல்ற் வரும். ஒரு செல் 3.65 வோல்ற்றுக்கு மேலே ஏறவும் கூடாது, 2.5 வோல்ற்றுக்குக் கீழே இறங்கவும் கூடாது. அசிட் பற்றரி கொஞ்சம் கூடக் குறைய ஏற்றினாலும் பொறுத்துக்கொள்ளும், லித்தியம் பொறுக்காது. ஆகவே ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே பார்த்துக்கொண்டிருந்து, ஒன்று எல்லை தாண்டினாலும் முழுப் பற்றரியையும் துண்டிக்கும் பொறுப்பு பி.எம்.எஸ்ஸுக்கு உரியது. அதற்காக அதிலிருந்து 17 மெல்லிய வயர்கள் புறப்பட்டு வருகின்றன. முதலாவது கறுப்பு, அது முதலாம் செல்லின் மறை (மைனஸ்) முனைக்குப் போகும். மிகுதி 16 வயர்களும் வரிசைப்படி ஒவ்வொரு செல்லின் நேர் (பிளஸ்) முனைக்கும் போகும். நான் கையாண்டவற்றில் பெரும்பாலானவற்றில் அந்த 16 வயர்களும் ஒரே சிவப்பு. வில்லங்கம் தொடங்கும் இடம் அதுதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், மாரி காலத்தில், சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவின் வீட்டில் பற்றரி பூட்டப் போனேன். மழைக்குத் தாமதித்து வேலையைத் தொடங்கியதால் பொழுது பட்டுவிட்டது. மின்சாரமும் இல்லை. கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் வயர்களை முனைகளில் இறுக்கிவிட்டு, அளந்து பார்க்காமலேயே, அந்த 17 வயர்களின் மறு நுனிகளும் வரிசையாக வந்து சேரும் 17 துளைக் கொனெக்ரரை பி.எம்.எஸ்ஸில் அழுத்தினேன். அழுத்திய கையை எடுக்கமுன் பலகையின் ஒரு மூலை கறுத்துவிட்டது. "தம்பி, இது புதுச் சாமானெல்லே, ஏன் இப்பிடி மணக்குது?" என்று அந்த அம்மா கேட்ட கேள்விக்கு அன்றிரவு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. மறுநாள் பகலில் பார்த்தபோது ஐந்தாம் செல்லின் வயரும் ஆறாம் செல்லின் வயரும் இடம் மாறியிருந்தன. புதிய பி.எம்.எஸ். ஒன்றை என் செலவில் வாங்கிப் பூட்டிக் கொடுத்தேன்.

கொனெக்ரரைப் பூட்டுவதற்கு முன், வோல்ற் அளக்கும் மல்ரிமீற்றரின் கறுப்பு ஊசியை முதலாம் துளையில் வைத்து, சிவப்பு ஊசியை ஒவ்வொரு துளையாக நகர்த்தியிருந்தால் அந்தப் பிழை என் கண்ணில் பட்டிருக்கும். செல்கள் 3.3 வோல்ற்றில் இருந்தால், 3.3, 6.6, 9.9, 13.2, 16.5, 19.8 என்று படிப்படியாக ஏறிக் கடைசியில் 52.8 வரவேண்டும். எனக்கு 13.2க்குப் பிறகு 19.8 வந்து, அடுத்ததாக 16.5 வந்து, பின்னர் 23.1 வந்திருக்கும். அடுத்தடுத்த துளைகளுக்கிடையே 3.3 மட்டுமே எதிர்பார்க்கும் கருவிக்கு, ஓரிடத்தில் 6.6 வோல்ற்றும் அதற்கு அடுத்த இடத்தில் தலைகீழாக 3.3 வோல்ற்றும் போனால் அது எரியாமல் என்ன செய்யும்? 17 துளைகளையும் அளக்க ஐந்து நிமிடம் போதும். இப்போது நான் ஒவ்வொரு வயரின் இரண்டு நுனியிலும் காகித டேப் சுற்றி இலக்கம் எழுதுகிறேன், பொழுது பட்டால் வேலையை மறுநாளைக்குத் தள்ளிவிடுகிறேன்.

பூட்டும் ஒழுங்கும் முக்கியமானது. பற்றரியின் மொத்த மறை முனையிலிருந்து பி.எம்.எஸ்ஸுக்கு வரும் தடித்த வயரை முதலில் இறுக்கிய பின்னரே மெல்லிய வயர்களின் கொனெக்ரரைச் செருக வேண்டும். கழற்றும்போது கொனெக்ரரை முதலில் எடுத்துவிட்டுத்தான் தடித்த வயரில் கை வைக்க வேண்டும். தடித்த வயர் கழன்றிருக்க மெல்லிய வயர் மட்டும் தொடுப்பில் இருந்தால், இன்வேர்ட்டர் இழுக்கும் மின்னோட்டம் அந்த நூல் போன்ற கறுப்பு வயரின் வழியாகத் திரும்ப முயலும். கடையில் பி.எம்.எஸ்ஸோடு தரும் சீன மொழிப் படத்தில் இந்த ஒழுங்கு 1, 2 என்று இலக்கமிட்டுக் காட்டப்பட்டிருக்கும். எழுத்து விளங்காததால் எங்கள் பொடியள் அந்த இலக்கங்களையும் பார்ப்பதில்லை.

இதைவிட எனக்கு ஆத்திரம் ஊட்டிய சம்பவம் புதுக்குடியிருப்புப் பக்கத்தில் நடந்தது. மிளகாய்த் தோட்டக்காரர் ஒருவர், தண்ணீர் மோட்டரைப் போட்டவுடன் பற்றரி நின்றுவிடுகிறது என்று விற்ற இடத்தில் முறையிட்டிருக்கிறார். அங்கிருந்து வந்தவர் பி.எம்.எஸ்ஸில் கோளாறு என்று சொல்லி, இன்வேர்ட்டரின் மறை வயரை அதிலிருந்து கழற்றி நேரே பற்றரியின் மறை முனையில் பூட்டிவிட்டுப் போய்விட்டார். மோட்டர் ஓடியது, தோட்டக்காரருக்கும் சந்தோசம். ஆனால் அதன்பின் பி.எம்.எஸ். செல்களைப் பார்த்துக்கொண்டிருந்ததே தவிர, எதையும் தடுக்கும் வல்லமை அதற்கு இருக்கவில்லை. படலையைக் கழற்றிவிட்டு நாயைக் கட்டிவைத்த கதைதான். சில மாதங்களில் ஒரு செல் வயிறு ஊதியபோது என்னைக் கூப்பிட்டார்கள்.

உண்மையில் கோளாறு பி.எம்.எஸ்ஸில் இருக்கவில்லை. ஒன்பதாம் செல்லில், அதை அடுத்த செல்லோடு இணைக்கும் செப்புப் பட்டையை அழுத்தும் நட் விரலால் திருகக்கூடிய அளவுக்குத் தளர்ந்திருந்தது, அதன் கீழே உலோகம் நீலம் பாரித்திருந்தது. தளர்ந்த தொடுப்பின் தடை 7 மில்லியோம் என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு ஒன்றுமில்லாத அளவுதான். ஆனால் ஓட்டத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை மோட்டர் தொடங்கும் கணத்தில் இழுப்பதால், அந்த வேளையில் 100 அம்பியர் ஓடினால் அந்த ஓரிடத்திலேயே 0.7 வோல்ற் விழுந்துவிடும். 3.2 வோல்ற்றில் இருக்கும் நல்ல செல்லை பி.எம்.எஸ். 2.5 வோல்ற்றாகக் கண்டு, செல் வெறுமையாகிவிட்டது என்று எண்ணித் துண்டிக்கும். அதே இடத்தில் 70 வாற்று வெப்பமும் பிறக்கும். பழைய 60 வாற்றுக் குண்டு பல்பை எரியும்போது தொட்டவர்களுக்கு அது எவ்வளவு சூடு என்று விளங்கும். துண்டித்தது கருவியின் குறை அன்று. எங்கோ ஒரு நட் தளர்ந்திருக்கிறது என்று அது தனக்குத் தெரிந்த முறையில் சொல்லிக்கொண்டிருந்தது. முனைகளையும் பட்டைகளையும் மெல்லிய அரத்தாளால் தேய்த்துத் துடைத்து, செல் செய்தவர் குறித்த அளவுக்கு முறுக்குச் சாவியால் இறுக்கினால் தீர்ந்துவிடும் வேலைக்கு, ஒரு செல் பலியானது. சாவியின் பிடியில் இன்சுலேசன் டேப்பை நன்றாகச் சுற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும், மோதிரம், கைக்கடிகாரம் போன்றவற்றைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டு மெயின் பெட்டியில் இருக்கும் சாதாரண பிறேக்கரையே பற்றரி வயரிலும் பூட்டும் வழக்கமும் எங்கள் பகுதியில் இருக்கிறது. வீட்டுக்கு வரும் 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம் (ஏ.சி.) விநாடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடுவதால், பிறேக்கர் திறக்கும்போது எழும் தீப்பொறி தானாகவே அணைந்துவிடுகிறது. பற்றரியின் நேரோட்டத்தில் (டி.சி.) அந்தப் பூச்சியம் வருவதே இல்லை. பொறி வில்லாக நீண்டு பெட்டியையே உருக்கிவிடும். நேரோட்டத்துக்கென்று செய்யப்பட்ட பிறேக்கரும், பற்றரியின் நேர் முனைக்கு மிக அருகில் தகுந்த பியூசும் இல்லாத வேலையை நான் ஒப்படைப்பதில்லை. அதேபோல் இன்வேர்ட்டரை முதன்முதலாகத் தொடுக்கும்போது அதனுள் மின்னைச் சேர்த்துவைக்கும் வெறுமையான கொள்ளளவிகள் (கப்பாசிற்றர்கள்) ஒரே இழுவையாக மின்னை இழுப்பதால் "பட்" என்று பொறி பறப்பதைப் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். பி.எம்.எஸ்ஸின் உள்ளே இருக்கும் திரான்சிற்றர்கள் அந்த அடியிலேயே போகக்கூடும். 25 அல்லது 50 ஓம் தடையி ஒன்றைச் சில விநாடிகள் இடையில் பிடித்து, கொள்ளளவிகளை மெதுவாக நிரப்பிய பின்னர் நேரே தொடுத்தால் பொறியே வராது.

எல்லாச் செல்களும் ஒரே அளவு நிறையும்படி சமப்படுத்தும் விடயத்தில் கடைக்காரர் சொல்லும் "அதெல்லாம் பி.எம்.எஸ். பார்க்கும்" என்ற உறுதிமொழியை நம்ப வேண்டாம். இந்த வகைச் செல்லில் மின் பாதி இருந்தாலும் முக்கால் இருந்தாலும் வோல்ற்றளவு 3.2க்கும் 3.3க்கும் இடையிலேயே நிற்பதால், பூட்டும்போது 16 செல்லும் ஒரே அளவைக் காட்டுவது அவை ஒரே அளவு நிறைந்திருப்பதற்கு அத்தாட்சி ஆகாது. 280 அம்பியர் மணி மின் கொள்ளும் செல்களில் ஒன்று மற்றவற்றைவிட 10 அம்பியர் மணி கூடுதலாக நிறைந்திருக்கிறது என்று கொள்வோம். சாதாரண பி.எம்.எஸ். 100 மில்லியம்பியர் வீதம்தான் அதை இறக்கும், ஆகவே 100 மணித்தியாலம் வேண்டும். அதுவும் பற்றரி நிறைந்து வரும் வேளையில் மட்டுமே நடப்பதால், நாளுக்கு ஒரு மணித்தியாலம் கிடைத்தால் 100 நாள் செல்லும். அதற்குள் மூன்று மாத நெல்லை விதைத்து அறுத்துவிடலாம். தொடராகப் பூட்டுமுன் எல்லாச் செல்களையும் சமாந்தரமாக, அதாவது நேர் முனைகளை ஒன்றாகவும் மறை முனைகளை ஒன்றாகவும் இணைத்து, 3.65 வோல்ற் வரை ஒன்றாக நிரப்பிவிட்டால் இந்தக் காத்திருப்பே தேவையில்லை. அதற்கு இரண்டு மூன்று நாள் எடுக்கும் என்பதால்தான் எவரும் செய்வதில்லை.

அசிட் பற்றரி இருந்த இடத்தில் லித்தியத்தை வைப்பவர்கள், இன்வேர்ட்டரின் பழைய அமைப்பை மாற்ற மறந்துவிடுகிறார்கள். வழமையைவிடக் கூடிய வோல்ற்றில் ஏற்றும், அசிட்டுக்குரிய சமப்படுத்தும் சார்ஜ் நிறுத்தப்பட வேண்டும். 16 செல்லின் கடைசி எல்லை 58.4 வோல்ற் என்றாலும் 56 அல்லது 57 வோல்ற்றில் சார்ஜை முடிப்பதே செல்லுக்கு நல்லது. பி.எம்.எஸ்ஸோடு வரும் வெப்பமானியைச் செல்லின் உடலோடு ஒட்ட வேண்டும், காற்றில் தொங்கவிட்டால் பயனில்லை. தகரக் கொட்டிலுக்குள் பற்றரியை வைக்கவே கூடாது என்பதைச் சித்திரை வெயிலில் ஒருமுறை அதற்குள் நின்று பார்த்தவர் ஒத்துக்கொள்வார்.

விற்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பற்றரியைப் பூட்டி ஒப்படைக்கும்போது, கொனெக்ரரைச் செருகுமுன் அளந்த 16 எண்களையும், மோட்டரோ வேறு பாரமோ ஓடும்போது பி.எம்.எஸ். காட்டிய 16 எண்களையும், இன்வேர்ட்டரில் இட்ட சார்ஜ் அளவையும் ஒரு தாளில் தமிழில் எழுதி, பூட்டியவர் ஒப்பமிட்டு, வாங்கியவரிடம் கொடுக்க வேண்டும். பின்னொரு நாள் பற்றரி நின்றால், எந்தச் செல் அன்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று எந்த வேலைகாரனும் அந்தத் தாளை வைத்துக் கண்டுபிடிக்கலாம். உத்தரவாதக் காலத்தில் "நீங்கள்தான் பழுதாக்கினீர்கள்" என்று வாங்கியவரை விரட்டவும் முடியாது. வாங்குபவர்களும் அந்தத் தாள் கைக்கு வந்த பின்னரே மிகுதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் அருகருகே இருக்கின்றன. ஏற்கனவே வயறிங் வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு, வார இறுதியில், தமிழில், செல்லையும் மீற்றரையும் கையில் தந்து இரண்டு நாள் பயிற்சி ஒன்றை அவர்கள் நடத்துவார்களாயின், மல்லாவியிலிருந்து பஸ் ஏறி வர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

நான் பாவிக்கும் தாள் கொப்பி ஒற்றையில் பாதி அளவானது. தேவைப்படுபவர்கள் அதைப் போட்டோப் பிரதி எடுத்துக்கொள்ளட்டும் என்று மல்லாவிச் சந்தியில் மின் சாமான் விற்கும் இரண்டு கடைகளில் கொடுத்து வைத்திருக்கிறேன். கறுப்பு ஊசி எந்தத் துளையில் இருக்க வேண்டும் என்பதை அதன் தலைப்பிலேயே படமாகக் கீறியிருக்கிறேன்.

இவ்வண்ணம்,
மின்னிணைப்பு வேலையாள் ஒருவன்,
மல்லாவி.